என் காலைத் தெரிந்தவள்

அவளுடைய முகம் எனக்கு நினைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கண்டி பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாலும் எனக்கு ஆள் தெரியாது. ஐந்து மாதம், சனிக்கிழமை தவறாமல் பார்த்த பிள்ளை. மனதில் நிற்பது அவளுடைய உச்சி மட்டும்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கொஞ்சம் கோணலான வகிடு, வகிடு முடிகிற இடத்தில் விபூதி. மிச்சமெல்லாம் எப்போதும் கீழே குனிந்திருந்தது.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது.

நான் நகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அம்பிட்டியவில் வீடு. எங்கள் சந்துக் கோயில் மண்டபத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. அந்தச் சாவிக்காகத்தான் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் என்னைத் தேடி வந்தார்கள். பேராதனைப் பக்கம் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், பதினைந்து பேர். பாதிப் பேர் சிங்களப் பிள்ளைகள். மூன்று மாதம் சனிக்கிழமைகளில் வந்து, எங்கள் சந்தில் உள்ள வயதானவர்களைச் சோதிக்கப் போகிறார்களாம். தலைவன் என்று கொழும்புப் பையன் ஒருவன் முன்னால் வந்து நின்றான்.

"அங்கிள், மண்டபம் தந்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

"நா ஒனக்கு அங்கிளும் இல்ல, மாமாவும் இல்ல. சாவி தர்றேன். செவுத்துல ஆணி அடிச்சா கைய ஒடிச்சிருவேன்."

எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் ஆகாது. நிறையப் பார்த்திருக்கிறேன். வருவார்கள், பிரஷர் பார்ப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். படத்தில் எங்கள் ஆட்களின் வாய் திறந்திருக்கும்.

முதல் சனிக்கிழமை ஒரு பெரிய பேனர் கொண்டுவந்தார்கள். 'முதியோர் நலம்' என்று எழுதியிருந்தது. எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. எவன்டா முதியோர் என்று கேட்டேன். அவர்களிடம் விட்டால் சுவரைக் கெடுத்துவிடுவார்கள் என்று, தலை தட்டையான குத்தூசிப் பெட்டியை வாங்கி நானே முக்காலியில் ஏறிப் பேனரை வாசல் நிலைப்பலகையில் குத்தினேன். இறங்கும்போது பெட்டி கவிழ்ந்து வாசல் முழுக்கக் கொட்டியது. கூட்டினேன். எல்லாவற்றையும் கூட்டிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அவளைக் கவனித்தேன். உள்ளே மேசை மேசையாகப் போட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேசையில் பிரஷர், ஒன்றில் கண், ஒன்றில் நிறை. இவளை வாசல் மேசையில் பெயர் எழுத விட்டிருந்தார்கள். இவள் மேசையை விட்டுவிட்டு, செருப்புகள் கழற்றிக் கிடந்த படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு செருப்பாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள். அடியைப் பார்க்கிறாள், உள்பக்கத்தைப் பார்க்கிறாள், பிறகு சோடி சேர்த்து வைக்கிறாள்.

"ஏ புள்ள, செருப்புக்குக் காவல் இருக்கவா ஒன்னையப் படிக்க வச்சாங்க?"

"ஓம் ஐயா" என்றாள், தலையைத் தூக்காமல். யாழ்ப்பாணப் பேச்சு. "இந்தச் செருப்பு ஆருடையது? ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு கிடக்கு. இவவுக்கு முழங்கால் நோகும்."

செருப்புக்காரி உள்ளேயிருந்து வந்தாள். அடுத்த சந்தில் இருக்கிறவள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டுதான் படியிறங்கினாள். உள்ளே மேசையில் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதையே எழுதிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் ஆட்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? சாகிற அன்றைக்கும் நல்லாருக்கேன் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைக்கு மூன்று நாள் முன்னால் இருந்து சீனியைத் தொட மாட்டார்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள். போய்விட்டு வந்த அன்றைக்கு மாத்திரையைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். எனக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாதத்தில் மூன்று நாள் நோயாளியாக இருப்பேன்.

அவள் அந்த அம்மாளைப் படியில் உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அம்மாள் பதறிப்போனாள். காலில் கை வைத்தால் நம் ஊரில் அது கும்பிடுவது. கும்பிட்டால் பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்ய வேண்டும். "நல்லாரு தாயி, நல்லாரு" என்று இடுப்பில் முடிந்திருந்த விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினாள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. இவள் காலைப் பிடிப்பாள், அவர்கள் விபூதி பூசுவார்கள். மத்தியானத்துக்குள் அவள் நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. துடைக்கவே இல்லை.

ஆனால் சந்தில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். வாங்க என்றால் சிரிக்க மாட்டாள். "அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளைக்குத் திமிரு" என்றார்கள். வருகிறபோதெல்லாம் குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டு நாயைக் கண்டால் மதில் ஓரமாக ஒட்டிக்கொண்டு நடப்பாள். கிழட்டு நாய் அது, பல்லே கிடையாது.

இரண்டாவது சனிக்கிழமை நான் மண்டபத்து வாசலில் கதிரை போட்டுச் சாவியோடு உட்கார்ந்திருந்தேன். சோதனைக்குப் போகவில்லை. முதியோர்தானே போக வேண்டும். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் வழக்கம்போலப் படியில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் செருப்பை எடுத்தாள். எடுத்ததை வைக்கவில்லை.

"ஐயா, இது உங்கடையோ?"

"ஆமா. வேணுமா?"

"காலைக் காட்டுங்கோ."

"போ புள்ள அங்கிட்டு."

செருப்பைத் திருப்பிக் காட்டினாள். தேய்ந்து தகடாகப் போன ரப்பர் செருப்பு. அடியில் ஒரு குத்தூசியின் தலை பளபளத்தது. கூர் மேலே உள்பக்கம் எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

"அது செருப்புலதானே குத்தியிருக்கு" என்றேன்.

"காலிலயும்தான் ஐயா."

என் வலது காலைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துவிட்டாள். இழுத்தேன். விடவில்லை. ஒல்லிப் பிள்ளை, ஆனால் பிடி குறடு மாதிரி. பெருவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. சுற்றி வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. அப்போதுதான் நாற்றம் எனக்கே தெரிந்தது. போன சனிக்கிழமை நான் கொட்டிய குத்தூசி அது. ஒரு கிழமை அதன் மேல் நடந்திருக்கிறேன். சந்தைக்குப் போயிருக்கிறேன், பிலிமத்தலாவையில் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

"நோகேல்லையோ?"

"இல்ல. இது தோட்டத்துக் கால். நெருப்புல நடந்த கால்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்தாள். நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு.

"கண்ணை மூடுங்கோ. நான் காலில தொடுறன். தொட்ட உடன ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்னுல்லாம் சொல்ல மாட்டேன். ஆமான்னு சொல்றேன்."

"சரி, ஆமா எண்டு சொல்லுங்கோ."

கண்ணை மூடினேன். உள்ளே யாரோ பெயர் வாசிக்கிற சத்தம் கேட்டது. மேலே காகம் கத்தியது. நான் காத்திருந்தேன். ஏதோ தேடுகிறாள் போல, நரம்பு விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். எவ்வளவு நேரம்தான் இருப்பது. கோபம் வந்துவிட்டது.

"என்னா புள்ள, எப்பத்தான் தொடப்போற?"

குச்சியைப் பைக்குள் வைக்கிற சத்தம் கேட்டது.

"தொட்டு முடிஞ்சுது ஐயா. ரெண்டு காலிலயும் பத்துப் பத்துத் தரம்."

கண்ணைத் திறந்தேன். அவள் உச்சி தெரிந்தது. நான் முப்பது வருடம் ரோட்டில் இரும்புக் கம்பியை நட்டு, அதில் காதை வைத்து, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னவன். என் காலில் ஓட்டை விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன்.

"இண்டைக்கு."

"இன்னைக்குச் சாவி..."

"சாவியை அவரிட்டக் குடுங்கோ" என்று தலைவன் பையனைக் காட்டினாள். அவன் கத்தினான். பெயர் எழுத ஆள் இல்லை, வரிசை நிற்கிறது என்றான். அவள் அவனுடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரி மர வாங்கில் பின்னேரம் வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சே கிடையாது. ஒரு தடவை மட்டும் என் இடது காலின் இரண்டாவது விரலைக் காட்டி, "இது ஏன் வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். இரும்புக் குழாய் விழுந்தது என்றேன். "எப்ப?" என்றாள். வயதைச் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி.

இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். முன்பாதத்தை ஊன்றக் கூடாது, ஒரு நாளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மருந்து கட்ட வேண்டும், மாத்திரையை மாதம் முழுக்கப் போட வேண்டும் என்றார். அன்றைக்கு அவள் கணக்கில் நான்கு பேர்தான். மற்றப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாற்பது. தலைவன் அடுத்த கிழமை என்னிடம் வந்து குறை சொன்னான்.

"அங்கிள், நாங்க எத்தனை பேரைப் பார்த்தோம்னு காட்டணும். இவ செருப்போட செருப்பா உட்கார்ந்திருக்கா."

"நீ நாப்பது பேரப் பாத்தியே, அதுல எவனோட கால்ல ஓட்டைன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பாவம், அவனும் நல்ல பையன்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மண்டபத்து வேலை முடிந்ததும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் காலை அவிழ்த்துக் கட்டுவாள். கட்டி முடிந்தால் என் சம்சாரம் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைப்பாள். நான்கு ரொட்டி சாப்பிடுவாள். சம்பல் உறைத்துக் கண்ணில் தண்ணீர் வரும், நிறுத்த மாட்டாள். சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குக் குனிய முடியாது. அதனால் தினமும் பின்னேரம் சம்சாரம் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

"கல்யாணத்தன்னைக்கு ஒரு தடவ இந்தக் காலக் கும்பிட்டேன்" என்றாள் சம்சாரம். "இப்பத் தெனமும் பூசையா?"

அந்தப் பிள்ளையின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

தீமிதிப்பைப் பற்றி அவளிடம் போட்டுக்கொடுத்ததும் சம்சாரம்தான்.

"இந்த மனுசன் அடுத்த கெழம புசல்லாவையில பூக்குழி எறங்கப் போறாரு. ஒன்கிட்ட சொன்னாரா?"

அவள் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே மாரியம்மன் கோயில். அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் சம்சாரத்துக்கு வயிற்றில் ஒரு பெரிய ஆபரேஷன். பிழைத்தால் நடக்க முடிகிற வரைக்கும் வருடா வருடம் பூக்குழி இறங்குகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். இறங்கினேன். ஒரு வருடம் தவறினால் அவளுக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் எனக்கு உண்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆபரேஷன் அறை வாசலில் நின்றவன் நான்.

"மொத பத்து வருசம் சுட்டுச்சு புள்ள" என்றேன். "கொப்பளம் வரும். ரெண்டு நாளு தரையில காலு வைக்க ஏலாது. கடைசி ரெண்டு வருசமா ஒண்ணுமே சுடல. பூவுல நடக்குற மாதிரி. தோட்டமே சொல்லுச்சு, அம்மன் எறங்கிட்டான்னு. பொம்பளைங்க வந்து என் காலத் தொட்டுக் கும்பிட்டாங்க."

இறங்காதீர்கள் என்று சொல்வாள், சண்டை பிடிக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"சுட்ட வருசங்களில அம்மன் வரேல்லையோ ஐயா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே போ என்றேன். நேற்று வந்தவள் அம்மனைப் பற்றிப் பேசுகிறாயா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் மிச்சத் துணியைச் சுற்றி, நுனியைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, காலை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகுதான் எழுந்தாள்.

"வாற சனிக்கிழமை வாறன்" என்றாள். குடையை மறந்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் சம்சாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பைதான் பேசியது. அதை வைக்கிற வைப்பில் எனக்கு எல்லாம் விளங்கியது.

ஆனாலும் போனேன். காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, சொந்தக்காரர் லயக் காம்பராவில் உட்கார்ந்து காலில் இருந்த கட்டை அவிழ்த்தேன். புண் இன்னும் மூடவில்லை. சம்சாரம் வாசலில் நின்று பார்த்தாள்.

பின்னேரம் வெயிலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு இளந்தாரி, முதல் தடவை இறங்குகிறவன்.

"மாமா, சுடுமா?"

"அம்மன் இருக்கா. சுடாது போ" என்றேன்.

அவன் இறங்கினான். சுட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். நான்காவது அடியில் வாய் கோணி, "தாயே!" என்று கத்தினான், நிற்காமல் ஓடிப்போய் முடிவில் இருந்த பால் குழிக்குள் விழுந்தான். அவன் அம்மனுக்கு எதையோ கொடுத்துவிட்டான். அதைக் கண்ணால் பார்த்தேன். பத்து வருடம் நானும் அப்படிக் கத்தியிருக்கிறேன். அந்தக் கத்தலுக்குத்தான் அம்மன் என் பெண்சாதியை எனக்கு விட்டுவைத்தாள் என்று நம்பியவன் நான். இப்போது இந்த மரக்கட்டையைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்தால் அம்மனுக்கு அதில் என்ன இருக்கிறது? என்னிடம் கொடுக்க வலி இல்லை. இரண்டு வருடமாக நான் அவளை ஏமாற்றிவிட்டு, ஊராரிடம் கும்பிடு வாங்கியிருக்கிறேன்.

வரிசையை விட்டு விலகினேன்.

"என்னாண்ணே?" என்று பூசாரி கத்தினார்.

"கால்ல புண்ணு."

"புண்ண வச்சுக்கிட்டா வரிசையில நிக்கிற? போ, போய்ப் பால் குழியில ஆளுங்களத் தூக்கி விடு. அதுவும் அம்மன் வேலதான்."

பன்னிரண்டு வருட நேர்த்திக்கடன் அவ்வளவு சுலபமாக முடிந்துபோனது. செருப்பைப் போட்டுக்கொண்டு பால் குழி ஓரத்தில் போய் நின்றேன். வருகிறவர்களைக் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். எப்போது அந்தப் பழக்கம் தொற்றியது என்று தெரியாது.

கடைசியில் ஒரு கிழவர் வந்தார். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி நெருப்பில் நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பிடித்து உட்காரவைத்துக் காலைத் திருப்பினேன். தோல் உரிந்து தொங்கியது.

"நல்லாருக்கேன்டா" என்றார் கிழவர். "சுடவே இல்ல."

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் சம்சாரம் ஒரு பையோடு நிற்கிறாள். உள்ளே சுத்தமான துணி, கத்தரிக்கோல், தீப்புண் மருந்து. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "இருந்துச்சு" என்றாள். கிழவருக்குக் கட்டி, நானே லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அம்மன் மேல் நம்பிக்கை கெட்டவனே என்று வழி முழுக்க என்னைத் திட்டினார். திட்டட்டும். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் மிஞ்சியது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் சம்சாரம் வாயைத் திறந்தாள்.

"அந்தப் புள்ள வந்திருந்துச்சு. பைய எங்கிட்டக் குடுத்துட்டு, கூட்டத்துக்குப் பின்னால நின்னுச்சு. நீங்க வரிசைய விட்டு வெலகுனதும் பஸ்ஸுக்குப் போயிருச்சு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"நீங்க கத்துவீங்கன்னுதான். வேற என்னா?"

சனிக்கிழமை வந்தாள். நாய்க்குப் பயந்து மதிலோடு ஒட்டி நடந்து வந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலைப் பார்த்தாள், விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். "வடிவா ஆறுது" என்றாள். அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏ புள்ள, எறங்குனீங்களா இல்லியான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"கால் சொல்லிப்போட்டுது ஐயா."

மூன்று மாதம் முடிந்தது. கடைசி நாள் விழா வைத்தார்கள். ஆளுக்கு ஒரு துவாய், ஒரு படம். என்னை நன்றி சொல்லச் சொல்லி மைக்கைத் தந்தார்கள். தந்திருக்கக் கூடாது. "மூணு மாசம் வந்தீங்க, நன்றி" என்றேன். "நாலாவது மாசம் எங்க காலுக்கு நாங்க என்னா சொல்றது? பிள்ளைங்க படிப்பு முடிஞ்சிருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொல்றதா?" தலைவன் பையன் தலை குனிந்துகொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. திட்டம் போட்டவர்கள் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறார்கள். வயதாவது மூன்று மாதத்தில் முடிகிற காரியமா?

அடுத்த சனிக்கிழமை மண்டபத்தைத் திறக்க வேலை இல்லை. வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு நாய் குரைத்தது. மதில் ஓரத்தில் அவள் நின்றாள். பின்னால் இரண்டு சிங்களப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அந்தத் தலைவன் பையன். கையில் பேனர் இல்லை.

"சாவி இருக்கோ ஐயா?" என்றாள்.

இன்னும் இரண்டு மாதம் வந்தார்கள். பரீட்சை வரும் வரைக்கும். பெயர் எழுதுகிற மேசையைப் படிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் சம்சாரம் ரொட்டி வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் புள்ள எப்பவும் காலையே பாக்குற? ஒங்க வீட்டுல யாருக்காச்சும் காலு போயிருச்சா?"

எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. வடக்கிலிருந்து வந்த பிள்ளை, என்ன பார்த்திருக்கிறாளோ என்று நான் கேட்காமல் விட்டிருந்தேன்.

"இல்லை அம்மா" என்றாள். வாயில் ரொட்டி. "முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குக் கூச்சம். முதல் வருசம் நோயாளியளுக்கு முன்னால கீழ பார்த்துக்கொண்டே நிண்டன். எல்லாரும் ஏசினவை. பிறகு பார்த்தா, கீழயும் நோயாளிதானே இருக்கிறார்."

நான் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வந்தது. அவள் கதிரைமேல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

பரீட்சை வந்தது, போய்விட்டாள். சொல்லிவிட்டுத்தான் போனாள். புண் மூடிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். எனக்கு உணர்ச்சி இல்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "கவனமா இருங்கோ" என்றாள். என்னிடம் சொன்னாளா, காலிடம் சொன்னாளா தெரியாது. சம்சாரம் விபூதி பூசினாள். நான் உள்ளே போய்விட்டேன். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு நிற்கத் தெரியாது. திரும்பி வந்தபோது கதவோரத்தில் குடை இருந்தது.

அவள் இப்போது டொக்டராக இருப்பாள். வவுனியாவில் என்று ஒருவர் சொன்னார், இங்கேதான் என்று இன்னொருவர். மாதம் ஒரு தடவை நான் சீனி கிளினிக்குக்குப் போகிறேன். குடையைக் கொண்டுபோகிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் அவளாக இருக்கலாம் என்று தோன்றும். முகம் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் நான் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, விரல் தெரிகிற செருப்போடு இரண்டு காலையும் நடைபாதையில் நன்றாக நீட்டிக்கொள்கிறேன். இடது காலின் வளைந்த விரல் வெளியே தெரிகிற மாதிரி. போகிறவர்கள் தடுக்கிவிழப் பார்க்கிறார்கள். மாமா, காலை உள்ளே எடுங்கள் என்று தாதி சிங்களத்தில் ஏசுகிறாள்.

எடுக்க மாட்டேன். என் முகம் அவளுக்கும் தெரியாது.